எதை நிறுத்தினேன், எதைத் திரும்பச் சேர்த்தேன்

கீழக்கரையில் என் வயிற்றுக் கதை கொஞ்சம் பரவிவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் பெயிண்ட் விலையைக் கேட்டு முடித்ததும் குரலைத் தாழ்த்தி, "அந்த மதுரை டாக்டர் என்னத்த நிறுத்தச் சொன்னாரு?" என்கிறார்கள். வெங்காயம், பால், பரோட்டா என்று சொன்னால் மனசில் குறித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அடுத்ததாக நான் சொல்ல வருவதைக் கேட்க யாரும் நிற்பதில்லை. இன்றைக்கு வெங்காயம் சாப்பிடுகிறேன், பரோட்டாவும் சாப்பிடுகிறேன் என்பதுதான் அது. சரி, முழுசாக எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஷார்ஜாவில் வேலை பார்த்த காலத்தில், அறையில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்ட ஏதோ ஒன்று கெட்டுப்போயிருந்தது. வாந்தி, பேதி, காய்ச்சல். மற்றவர்கள் சில நாளில் தேறினார்கள். எனக்கும் பேதி நின்றது, ஆனால் வயிறு பழைய வயிறாகத் திரும்பவில்லை. சாப்பிட்டதும் உப்பும். காலையில் அவசரமாக ஓட வேண்டியிருக்கும், ஒரு தடவை போனால் முடியாது. பெரிய வயிற்றுப்போக்கு வந்து போனவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இப்படி ஆகிறது என்பதும், அதற்கு மருத்துவத்தில் தொற்றுக்குப் பிந்தைய ஐ.பி.எஸ்., அதாவது குடல் எரிச்சல் நோய் என்று தனிப் பெயரே இருக்கிறது என்பதும் ரொம்பப் பிந்தித்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரை எல்லோரும் சொன்னது ஒரே வார்த்தை: கேஸ்.

ஊருக்கு வந்து கடை போட்ட பிறகும் அதே கதைதான். மெடிக்கலில் கேட்டால் கேஸ் மாத்திரை, அதாவது பேன்டோபிரசோல். தினமும் பசியாறுவதற்கு முன்னால் ஒன்று என்று வருஷக்கணக்கில் ஓடியது. ராமநாதபுரத்தில் எண்டோஸ்கோப்பி எடுத்தபோது இரைப்பையில் லேசான புண் மாதிரி சிவந்திருக்கிறது என்றார்கள். மறுபடி அதே மாத்திரை. மதுரைக்குப் போவதென்றால் பரமக்குடி, மானாமதுரை, திருப்புவனம் என்று எந்தெந்த பெட்ரோல் பங்கில் கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்ற வரைபடம் மனசுக்குள் இருக்கும். பஸ்ஸில் ஏறுவதை விட்டே பல காலம் ஆயிற்று.

மச்சான்தான் அந்த டாக்டரைப் பற்றிச் சொன்னார். பொது மருத்துவத்தில் எம்.டி. முடித்தவர், பிறகு ஃபங்ஷனல் மெடிசின் என்ற முறையைப் படித்தவர். அமெரிக்காவில் ஜெஃப்ரி பிளாண்ட் என்பவரும் அவர் மனைவி சூசனும் 1991இல் தொடங்கிய நிறுவனத்திலிருந்து பரவிய முறை அது. நோய்க்குப் பெயர் வைத்து மருந்து கொடுப்பதோடு நிற்காமல், இந்த ஆளுக்கு இது ஏன் வந்தது, ஏன் போக மாட்டேன் என்கிறது என்று பின்னோக்கித் தேடிப் போவார்கள். நம் நாட்டில் இது எம்.டி., டி.எம். மாதிரி அங்கீகாரம் பெற்ற தனிப் பிரிவு இல்லை. அதனால் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ள முடிகிறது. போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அவருடைய அடிப்படைப் பட்டத்தை. எம்.பி.பி.எஸ். இல்லாமல் இதை மட்டும் படித்துவிட்டு வயிற்றுக்கு வைத்தியம் பார்க்கிறேன் என்பவரிடம் நான் போகமாட்டேன்.

முதல் தடவை ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். வெள்ளைத்தாளில் நீளமாக ஒரு கோடு போட்டு, இந்த முனையில் நான் பிறந்தது, அந்த முனையில் இன்று என்று குறித்தார். நடுவில் கேட்டுக் கேட்டு நிரப்பினார். சின்ன வயதில் அடிக்கடி ஆன்டிபயாடிக் கொடுத்தார்களா, குடிக்கிற தண்ணீர் எது, ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள், மூட்டுவலிக்கு மாத்திரை போடுகிறீர்களா, தூக்கத்தில் வயிறு வலித்து எழுந்தது உண்டா? தண்ணீர்க் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. நம் பக்கம் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு. கேனும் காவிரித் தண்ணீரும் லாரித் தண்ணீரும் மாறி மாறித்தான் குடிக்கிறோம். அதுவரை எந்த டாக்டரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. எங்கிருந்து வந்த தண்ணீராக இருந்தாலும் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்றார். செலவில்லாத வைத்தியம்.

கோட்டின் மேல் எழுதியதை அவர் மூன்றாகப் பிரித்துக் காட்டினார். முன்பே இருந்தவை, தூண்டிவிட்டது, அணையவிடாமல் வைத்திருப்பவை. தூண்டிவிட்டது ஷார்ஜா. அதை இப்போது ஒன்றும் செய்ய முடியாது. கையில் இருப்பது மூன்றாவது மட்டும்தான்.

பிறகு ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். மலத்தின் ஏழு வகைப் படம், பிரிஸ்டல் அட்டவணை என்று பெயர். கொட்டைபோல உருண்டு வருவது 1, தண்ணீராகப் போவது 7. கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் "லூசா போகுது" என்று சொல்வதைவிட "பெரும்பாலும் 6" என்று சொல்வது எவ்வளவோ மேல். அதற்கப்புறம் போனில் பேசும்போதெல்லாம் எண்ணிலேயே பேசிக்கொண்டோம்.

சாப்பாட்டைத் தொடுவதற்கு முன் அவர் சில விஷயங்களில் பிடிவாதமாக இருந்தார். மலத்தில் ரத்தம், கறுப்பு மலம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, விழுங்கும்போது அடைப்பது, தூக்கத்திலிருந்து எழுப்புகிற பேதி, குடும்பத்தில் குடல் புற்றுநோய், ஐம்பதை ஒட்டியோ தாண்டியோ புதிதாகத் தொடங்கும் தொந்தரவு. இதில் ஒன்று இருந்தாலும் பத்தியமெல்லாம் பிறகுதான், முதலில் குடல் நோய் நிபுணரிடம் போக வேண்டும். எனக்கு இவை எதுவும் இல்லை. இருந்தும் ரத்தப் பரிசோதனை, தைராய்டு, பி12, குடலில் அழற்சி இருக்கிறதா என்று மலத்தில் பார்க்கும் கால்ப்ரோடெக்டின், கோதுமையிலுள்ள குளூட்டன் குடலைக் கெடுக்கும் சீலியாக் நோய்க்கான ரத்தச் சோதனை எல்லாம் எடுக்கச் சொன்னார். கடைசிச் சோதனையை கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டும். யாரோ சொன்னார்கள் என்று சப்பாத்தியை நிறுத்திவிட்டுப் போனால், நோய் இருந்தாலும் இல்லை என்றே காட்டக்கூடும்.

எல்லாம் சரியாக இருந்தது, பி12ஐத் தவிர. மீனும் ஆட்டுக்கறியும் தினமும் வேகிற வீட்டில் பி12 குறைவதாவது! அவர் உடனே கேஸ் மாத்திரையைப் பற்றித்தான் கேட்டார். சாப்பாட்டில் இருக்கிற பி12ஐப் பிரித்தெடுக்க இரைப்பை அமிலம் வேண்டும். வருஷக்கணக்கில் அமிலத்தை அடக்கி வைத்தால் அது குறையலாம்.

இந்த இடத்தில் என் லாத்தாவின், அதாவது அக்காவின், கதையைச் சொல்லியாக வேண்டும். அவளுக்கும் வயிறுதான், ஆனால் எரிச்சல். வெறும் வயிற்றில் நெஞ்சுக்குழிக்குக் கீழே எரியும், சாப்பிட்டால் அடங்கும். என்னைப் பார்த்துவிட்டு அவளும் பாலையும் கோதுமையையும் நிறுத்தினாள். ஒன்றும் மாறவில்லை. டாக்டர் அவளுக்கு எச். பைலோரி என்ற கிருமிக்கான மூச்சுச் சோதனை எழுதிக் கொடுத்தார். இரைப்பைப் புண்ணுக்குக் காரணம் காரமும் கவலையும் மட்டுமே என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தபோது, இந்தக் கிருமிதான் என்று காட்டிய பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரண்டு ஆஸ்திரேலியர்களுக்கு 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. லாத்தா இதற்கு முன்பும் ஒரு இடத்தில் அந்தச் சோதனையை எடுத்திருந்தாள், இல்லை என்று வந்திருந்தது. அன்றைக்குக் காலையிலும் கேஸ் மாத்திரையைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள், அங்கே யாரும் கேட்கவில்லை. அந்த மாத்திரையை இரண்டு வாரமும் ஆன்டிபயாடிக்கை நான்கு வாரமும் நிறுத்தியிருந்தால்தான் முடிவை நம்பலாம். அப்படி நிறுத்தி எடுத்தபோது இருக்கிறது என்று வந்தது. 14 நாள் மருந்து, பிறகு கிருமி போய்விட்டதா என்று மறுசோதனை. முடிந்தது. முண்டு மிளகாய் போட்ட மீன் ஆணம் (குழம்பு) இப்போது அவளுக்கு ஒன்றும் செய்வதில்லை. எனக்கும் அதே சோதனையை முறையாக எடுத்தோம், இல்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு. அவளுக்குச் சாப்பாட்டில் தேட ஒன்றுமே இல்லை, எனக்கு அங்கேதான் இருந்தது.

இனி என் பத்தியம். டாக்டர் தன் முறையை ஐந்து படியாகச் சொன்னார். தொந்தரவு கொடுப்பதை எடு, குறைவதைக் கொடு, நல்ல கிருமிகளைச் சேர், குடலை ஆறவிடு, வாழ்க்கையைச் சமன்செய். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் எனக்கு வேலை செய்தது முதல் படி ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது ஆஸ்திரேலியாவில் மெல்போர்னிலுள்ள மோனாஷ் பல்கலைக்கழகம் வளர்த்த ஃபாட்மேப் உணவுமுறை. சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத சில மாவு, சர்க்கரைப் பொருட்கள் பெருங்குடலுக்குப் போகின்றன. போகும்போது தண்ணீரை இழுக்கின்றன, அங்கே கிருமிகள் அவற்றை நொதிக்க வைத்து வாயுவாக்குகின்றன. எல்லோருக்கும் நடப்பதுதான். என் மாதிரி ஆட்களின் குடல் நரம்புகள் அதையே வலியாக எடுத்துக்கொள்கின்றன. வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு, பயறு, பால், மாம்பழம், தர்பூசணி, பேரீச்சம்பழம். பட்டியலைப் பார்த்ததும் உம்மா, "ஏன் வாப்பா, அப்ப எதைத்தான் திங்கிறது?" என்றார்.

வெங்காயமும் பூண்டும் இல்லாமல் எங்கள் வீட்டில் ஆணம் வைப்பதா? முதல் வாரம் சோறும் பொரித்த மீனும்தான். அப்புறம் உம்மா வழி கண்டுபிடித்தார், டாக்டரும் அதை ஒப்புக்கொண்டார். முழுப் பூண்டுப் பல்லை எண்ணெயில் போட்டு மணம் இறங்கியதும் எடுத்துவிட வேண்டும். வாயு உண்டாக்கும் பொருள் எண்ணெயில் கரையாது, மணம் மட்டும் இறங்கும். இஞ்சி, மிளகு, சீரகம், புளி, தக்காளி, கறிவேப்பிலைக்கெல்லாம் தடையில்லை. மீன், கறி, முட்டை, அரிசி எல்லாம் தாராளம். கடலோரத்தில் பிறந்ததற்கு அல்ஹம்துலில்லாஹ், இந்தப் பத்தியத்தில் நமக்குப் பட்டினி இல்லை. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். பால் டீக்குப் பதில் கட்டங்காப்பியோ பால் இல்லாத இஞ்சிச் சாயாவோ. தயிர் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம், புளிக்கும்போதே பாலின் சர்க்கரை குறைந்துவிடும்.

மூன்றாவது வாரத்திலேயே வயிறு தட்டையாகிவிட்டது. 6 என்றது 4 ஆயிற்று. பலரும் நின்றுவிடுகிற இடம் இதுதான். சுகமாக இருக்கிறது, இப்படியே இருந்துவிடுவோம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. டாக்டர் விடவில்லை. உணவுகளை நிறுத்தி வைக்கிற கட்டம் இரண்டு முதல் ஆறு வாரம் வரைதான், அதற்கு மேல் போகக்கூடாது என்றார். குடலில் நமக்கு நல்லது செய்யும் கிருமிகளுக்கும் அந்தப் பருப்பும் வெங்காயமும்தான் தீனி. நிரந்தரமாக நிறுத்தினால் அவை மெலிந்துபோகும், சத்துக் குறையும், கல்யாண வீட்டுக்குப் போக முடியாது. "எல்லாத்தையும் எடுத்துட்டு நல்லா இருக்கீங்கன்னா, எது காரணம்னு இன்னும் உங்களுக்குத் தெரியலைன்னு அர்த்தம்" என்றார்.

திரும்பச் சேர்ப்பது இப்படி. ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருள். முதல் நாள் கொஞ்சம், மறுநாள் கூட, மூன்றாம் நாள் சாதாரணமாகச் சாப்பிடும் அளவு. மற்றதெல்லாம் பத்தியமாகவே இருக்க வேண்டும். பிறகு இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு அடுத்த பொருள். கடைக் கணக்கு நோட்டின் பின்பக்கம் எழுதினேன்: என்ன தின்றேன், எத்தனை மணிக்கு, உப்பல் உண்டா, மலம் எத்தனாம் எண், ராத்திரி தூக்கம் எப்படி. தூக்கத்தை எழுதச் சொன்னது வீண்போகவில்லை. சரக்கு இறங்கும் நாட்களில் தூக்கம் கெட்டால், மறுநாள் எதைத் தின்றாலும் வயிறு கெட்டது. அந்த நாட்களைச் சோதனையில் சேர்க்காமல் அடித்துவிட்டேன்.

நோட்டில் வந்தது நான் நினைத்த மாதிரியே இல்லை. பூண்டு ஒன்றும் செய்யவில்லை. சப்பாத்தி இரண்டு வரை தாங்கியது. வெங்காயம் தாளிப்பில் போட்டால் சரி, பச்சையாகத் தயிரில் போட்டுத் தின்றால் தொல்லை. பால் டீ காலையில் ஒன்று, மாலையில் ஒன்று வரை குழப்பமில்லை. பரோட்டா தனியாகக் குற்றவாளி இல்லை. பதினோரு மணிக்கு டீ, ஒரு மணிக்குப் பருப்பு, நாலு மணிக்கு டீயும் சமோசாவும், ராத்திரி வெங்காயச் சால்னாவோடு பரோட்டா என்று ஒரே நாளில் சேரும்போதுதான் கெட்டது. தோணியில் மூட்டை ஏற்றுவது மாதிரிதான். எந்த ஒரு மூட்டையும் தோணியைத் தாழ்த்தாது, மொத்தப் பாரம்தான் தாழ்த்தும். அதனால் இன்றைக்கு ராத்திரி பரோட்டா என்று முடிவானால் சாயங்கால டீயை விட்டுவிடுகிறேன். அவ்வளவுதான் என் பத்தியம்.

மீன் விஷயத்தில் வேறு ஒன்று வெளிவந்தது. சின்ன வயதிலிருந்தே "இவனுக்குச் சூரை ஒத்துக்காது" என்பது வீட்டில் முடிந்துபோன தீர்ப்பு. ஒரு தடவை சூரை தின்று முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடத்து, பேதியும் போனது. டாக்டர், மற்ற நாட்களில் சூரை தின்றபோது என்ன ஆயிற்று என்று கேட்டார். யோசித்தால் பல தடவை ஒன்றும் ஆனதில்லை. சூரை, அயிலை, சாளை மாதிரி மீன்களைப் பிடித்த பிறகு ஐஸில் வைக்காமல் விட்டால், கிருமிகள் அதன் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். வேகவைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. பார்ப்பதற்கு அலர்ஜி மாதிரியே இருக்கும், ஆனால் கெட்டது மீன்தான், ஆள் இல்லை. அவர் சொன்னபடி ஒரு தடவை, காலையில் கரைக்கு வந்ததை உடனே ஐஸில் வைத்து மதியமே சமைத்துக் கொஞ்சமாகத் தின்றேன். ஒன்றுமில்லை. ஆனால் மீன் தின்று மூச்சுத் திணறலோ, உதடு, தொண்டை வீக்கமோ வந்தவர்கள் இதை வீட்டில் சோதித்துப் பார்க்கவே கூடாது, டாக்டரிடம்தான் போக வேண்டும். மற்றவர்களும் மதிய வெயிலில் சைக்கிள் பெட்டியில் சுற்றி வரும் சூரையை வாங்காதீர்கள்.

இந்த முறையின் பேரில் நடக்கும் வியாபாரத்தையும் சொல்ல வேண்டும். பெரியம்மா மகன் ஒரு நகரத்து கிளினிக்கில் பெரிய தொகை கட்டி உணவு ஒவ்வாமைப் பரிசோதனை ஒன்று எடுத்தான். ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்பொருளை அளந்து, எது ஆகாது என்று வண்ண வண்ணமாகப் பட்டியல் கொடுத்தார்கள். அரிசி, தேங்காய், முட்டை, மீன் எல்லாம் சிவப்பில். அவன் தினமும் தின்பவை அவைதான். அந்த எதிர்ப்பொருள் காட்டுவது இதையெல்லாம் சாப்பிட்டிருக்கிறாய் என்பதைத்தான், ஒத்துக்கொள்ளவில்லை என்பதை அல்ல. அலர்ஜி மருத்துவர் சங்கங்கள் இந்தச் சோதனை வேண்டாம் என்றே சொல்லி வருகின்றன. அவன் பட்டியலைப் பார்த்துப் பார்த்தே மெலிந்துபோனான். அதோடு ஒரு பை நிறைய குளூட்டமைன் பொடி, என்ஸைம் மாத்திரை, புரோபயாடிக் டப்பா. என் டாக்டரும் புரோபயாடிக் ஒன்று எழுதிக் கொடுத்தார். ஒரு டப்பா முடித்தேன், நோட்டில் எந்த மாற்றமும் தெரியவில்லை, அடுத்ததை வாங்கவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. காசு கொடுத்ததில் உருப்படியானது இசப்கோல் உமி மட்டும்தான். அரை ஸ்பூனில் தொடங்கி மெதுவாகக் கூட்ட வேண்டும், நிறையத் தண்ணீரோடு குடிக்க வேண்டும். கோதுமைத் தவிடு எனக்கு உப்பலைக் கூட்டியது, இது கூட்டவில்லை.

கேஸ் மாத்திரையை விட்டது தனிப் போராட்டம். சட்டென்று நிறுத்தினால் அடங்கியிருந்த அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரந்து எரியும், உடனே மாத்திரை இல்லாமல் வாழ முடியாது என்று தோன்றிவிடும். அளவைப் பாதியாக்கி, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு தேவைப்படும்போது மட்டும் என்று டாக்டர் இறக்கினார். இதயத்துக்கு ஆஸ்பிரின் போடுகிறவர்கள், வலி மாத்திரை தொடர்ந்து எடுக்கிறவர்கள், முன்பு புண்ணில் ரத்தம் கசிந்தவர்கள் இதைத் தாங்களாக நிறுத்தவே கூடாது. அவர்களுக்கு அந்த மாத்திரை காவல்.

பயத்தைப் பற்றி அவர் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது, மனநோய் என்கிறாரோ என்று. அப்படியில்லை. குடல் சுவரிலேயே ஒரு நரம்பு வலை இருக்கிறது, அதுவும் மூளையும் சதா பேசிக்கொண்டிருக்கின்றன. பஸ்ஸில் கழிப்பறை கிடையாதே என்று நினைத்த மாத்திரத்தில் குடல் வேலையைத் தொடங்குவது அதனால்தான். முதலில் ராமநாதபுரம் வரை மட்டும், அவசரமில்லாத நாளில், பஸ்ஸில் போய் வரச் சொன்னார். பிறகு பரமக்குடி வரை. சாப்பாட்டைப் போலவே பயணத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பச் சேர்த்தேன். இப்போது மதுரைக்கு பஸ்ஸில்தான் போகிறேன், ஜன்னல் சீட் கிடைத்தால் தூங்கியும்விடுகிறேன்.

நோன்பு மாதத்துக்குக் கொஞ்சம் திட்டம் வேண்டியிருந்தது. பகலில் தொந்தரவே இல்லை, வயிறு ஓய்வில் இருக்கிறது. கெடுப்பது நோன்பு திறக்கும் நேரம்தான். பேரீச்சம்பழம், பள்ளிவாசல் கஞ்சி, வடை, சமோசா, ரோஸ் மில்க் என்று கால் மணி நேரத்தில் எல்லா மூட்டையையும் ஏற்றிவிடுகிறோம். இப்போது ஒரு பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு கிண்ணம் கஞ்சியோடு எழுந்து மஃரிப் தொழப் போய்விடுவேன். வந்துதான் சாப்பாடு. விடியலுக்கு முந்தைய சஹர் சாப்பாட்டுக்குச் சோறு, தயிர், முட்டை. மருந்து எடுப்பவர்கள் நேரத்தை எப்படி மாற்றுவது என்று நோன்பு தொடங்குவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

மிச்சமிருப்பது கல்யாணச் சாப்பாடு. சஹன் என்ற பெரிய தட்டில் நாலு பேர் சேர்ந்து உட்காரும்போது இதை எடுக்காதே, அதை வைக்காதே என்று சொல்ல முடியாது. நெய்ச்சோறும் கறியும் என் பக்கம், தால்ச்சா அவர்கள் பக்கம் என்று பேசாமல் கையை நகர்த்திக்கொள்வேன். தால்ச்சாதான் இன்னும் தீராத வழக்கு. வீட்டில் வைத்தால் தாங்குகிறது, கல்யாணத்தில் தாங்குவதில்லை. பருப்பா, கொழுப்பா, அன்றைக்கு எல்லோரோடும் பேசிக்கொண்டே அளவு தெரியாமல் தின்பதா என்று நோட்டு இன்னும் சொல்லவில்லை. அடுத்த மாதம் லாத்தா மகளுக்கு நிக்காஹ். அன்று காலையிலிருந்து டீ குடிக்காமல் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.